மூன்றாம் மாடியின் வரலாறு

வரலாற்றை வளைக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஒரு வாழ்நாள் முழுக்க அதைக் காப்பாற்றினேன். போன ஏப்ரல் பதினொன்றாம் தேதி, காபிக்கும் குளியலுக்கும் நடுவில், வளைத்துவிட்டேன்.

வளைக்க வைத்தவள் என் மனைவி.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவன். மணி அடிப்பது, தபால் கொண்டுபோவது, தலைமையாசிரியை எங்கேயோ வைத்த பீரோ சாவியைத் தேடுவது, இவைதான் வேலை. கையெழுத்து பார்க்கும்படி இருந்ததால், வாசல் கரும்பலகையில் 'இதே நாளில்' எழுதும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. அதற்கென்று ஒரு தடிப் புத்தகம். வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பக்கம். தினமும் ஒரு நிகழ்வு, ஒரு பிறப்பு, ஒரு இறப்பு என்று மூன்று வரி எழுத வேண்டும். ஓய்வு பெற்ற அன்று, நினைவாக என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். சுவர்க் கடிகாரம் வாங்கித் தயாராக வைத்திருந்தவர்களுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கடைசியில் இரண்டையும் கொடுத்தார்கள். கடிகாரம் நின்றுவிட்டது. புத்தகம் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் படிக்கட்டு அடியிலும் ஒரு கரும்பலகை உண்டு. 'இன்று தண்ணீர் வராது' என்று எழுதுவதற்காக மாட்டியது. தண்ணீர் வருகிற நாட்களில் அது எனக்குச் சொந்தம். நான் கூச்சக்காரன். எதிரே நாலு பேர் நின்றால் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாக்பீஸுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. முதல் மாடியில் வீடும் கிளினிக்கும் வைத்திருக்கும் பல் டாக்டர், இரண்டாம் மாடி பஸ் டிரைவர், அவர் வீட்டம்மா, எல்லாரும் என்னோடு பேசுவதைவிடப் பலகையோடு அதிகம் பேசுவார்கள். எனக்கும் அதுதான் சௌகரியம்.

பலகையில் எழுதுவதற்கு முன்னால், மேலே எங்கள் வீட்டு பால்கனியில் ஒரு ஒத்திகை நடக்கும். காபியோடு மனைவிக்கு அன்றைய வரலாற்றைச் சொல்வேன். முதலில் உலகத்தின் வரலாறு. அடுத்தது வீட்டின் வரலாறு. இரண்டாவது பலகைக்குப் போகாது. அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

இதே நாளில், நாலு வயசு மகள் பால்கனிக் கம்பிக்குள் தலையை விட்டு மாட்டிக்கொண்டாள். டிரைவர் வீட்டம்மா சோப்புத் தண்ணீரோடு ஓடி வந்து காதுக்குக் காது தடவி உருவி எடுத்தாள். இதே நாளில், நாம் கயிற்றில் கூடை இறக்கி முட்டை வாங்கும்போது கயிறு அறுந்தது. அப்போது புதிதாகக் கிளினிக் திறந்திருந்த பல் டாக்டர், ஹெல்மெட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்தபடி கீழே நின்றிருந்தார். நல்லவேளை, யோசித்தார். இதே நாளில், நான் ஆபீஸ் விட்டு வரும்போது தெருமுனையில் இருந்தே உன் குரல் கேட்டது. மேலே இருந்து உப்பு வாங்கிவரச் சொன்னாய். தெருவில் மூன்று பேர் திரும்பிப் போய் உப்பு வாங்கினார்கள்.

அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். "அன்னிக்கு முட்டை விலை என்ன தெரியுமா?" என்று ஒரு திருத்தம் சொல்வாள். ஒரு வருஷம்கூட அவள் அந்தத் திருத்தத்தைச் சொல்ல மறந்ததில்லை. எனக்கு அதைக் கேட்காவிட்டால் காபி இறங்காது.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, நிலவுக்குக் கிளம்பிய மூன்று பேரைப் பற்றிச் சொன்னேன். கிளம்பினது இதே நாளில். பாதி வழியில் கலம் பழுதாகி, நிலவில் கால் வைக்காமலே திரும்பினார்கள். சொல்லி முடித்து, வீட்டு வரலாற்றுக்கு வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கீழ்வீட்டு நர்ஸுக்கு மாத்தல் ஆயிடுச்சாம். இருபதாம் தேதி காலி பண்றாங்க. நாம கீழ போயிடலாமாங்க?"

காரணம் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் முழங்கால்தான் காரணம். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், இனிமேல் மாடிப்படி ஏறவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு அவர் லிஃப்டில் ஏறிப் போய்விட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வருஷம் தொடங்கியதிலிருந்து அவள் தெருவை பால்கனியில் நின்றுதான் பார்த்து வந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மனசு ஒப்பவில்லை.

என்னைப் பொறுத்தவரை வீடு என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் இல்லை. வீடு என்பது தேதி. மூன்றாம் மாடியில் எனக்கு வருஷம் முழுக்கத் தேதி இருக்கிறது. கீழ்வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே போனால் காபியைக் கையில் வைத்துக்கொண்டு 'இதே நாளில்' என்று ஆரம்பித்து, அப்படியே வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் இரண்டு தடவை 'முடியாது' என்று சொல்லியிருக்கிறேன். இரண்டும் தூக்கத்தில். அதனால் இப்போதும், யோசிக்கலாம் என்று மட்டும் சொன்னேன். நிதானமாக யோசிங்க, ஆனால் இருபதாம் தேதிக்குள் சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விட்டுவிடுவாராம் என்றாள்.

அப்போதுதான் வரலாற்றை வளைப்பது என்று முடிவு செய்தேன். பொய் எழுதப் போவதில்லை. அது மட்டும் என்னால் ஆகாது. உண்மையைத்தான் எழுதுவேன். எந்த உண்மை என்பதை மட்டும் நான் தேர்ந்தெடுப்பேன். இருந்த இடத்தை விட்டுக் கிளம்பினவர்கள் பட்ட பாட்டைத் தினமும் ஒன்றாகச் சொல்லி வந்தால், இருபதாம் தேதிக்குள் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். நிலவுக்குப் போனவர்கள் நல்ல தொடக்கம்.

பன்னிரண்டாம் தேதி ஒரு உள்நாட்டுப் போரைச் சொன்னேன். ஒரே குடும்பமாக இருந்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நாலு வருஷம் அடித்துக்கொண்ட போர். அது இதே நாளில்தான் தொடங்கியது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

அவள் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "இன்னிக்கு ஆகாசத்துக்கு மொதமொதல்ல போனவரோட நாளாச்சே. வருஷா வருஷம் அவரைத்தானே சொல்வீங்க?"

"அவரும்தான்."

"மேல போனவர் என்ன ஆனார்?"

"சுத்திட்டு வந்தார்."

"எவ்வளவு நேரத்துல?"

"ரெண்டு மணி நேரத்துக்குள்ள."

"அவ்வளவு ஒசரத்துல இருந்தே மனுஷன் ரெண்டு மணி நேரத்துல எறங்கிட்டார்," என்றாள்.  

பதினைந்தாம் தேதியை மலைபோல் நம்பியிருந்தேன். மூழ்கவே மூழ்காது என்று பெயர் வாங்கின கப்பல் மூழ்கின நாள். அதே தேதியில் ஒரு மகா ஓவியரும் பிறந்திருக்கிறார். அவரைக் கண்டுகொள்ளவில்லை. கப்பலில் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள்தான் அதிகம் போய்ச் சேர்ந்தார்கள், மேல்தளத்துக்காரர்கள் பலர் படகு ஏறிப் பிழைத்தார்கள் என்று, 'கீழ்', 'மேல்' என்ற சொற்களை அழுத்திச் சொன்னேன். உண்மைதான். புத்தகத்தில் இருக்கிறது.

அவள் உச்சுக்கொட்டினாள். பாவம் என்றாள். கண்கூடக் கலங்கின. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோது கேட்டாள்.

"ஏங்க, நம்ம கட்டடம் எப்போ கிளம்புது?"

இதற்கிடையில் பலகையில் ஒரு விஷயம் நடந்துவிட்டது. பேரழிவைப் பெரிதாக எழுதினதில் மற்றவற்றுக்கு இடம் போதவில்லை. பிறப்பு வரியை நிறுத்திவிட்டேன். பிறப்பு என்றால் புது இடம், புது வாழ்க்கை என்று யாருக்காவது தோன்றிவிடும். எதற்கு வம்பு? பதினாறாம் தேதி உலகத்தையே சிரிக்கவைத்த ஊமைப் பட நடிகர் ஒருவர் பிறந்த நாள். அவரைத் தள்ளிவிட்டு, துறைமுகத்தில் கப்பல் வெடித்ததை எழுதினேன். அன்று சாயங்காலம் பல் டாக்டர் என்னைப் படிக்கட்டில் மறித்தார். மறித்துப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்த மாசம் உலகத்துல யாருமே பொறக்கலையா?"

நான் அவரைச் சுற்றிக்கொண்டு ஒரு படி ஏறினேன்.

"பல் பிடுங்க வர்றவங்க பாதிப் பேர் இதைப் படிச்சுட்டு அப்படியே திரும்பிப் போறாங்க. நான் பிடுங்கறதுக்கு முன்னாடி நீங்க உயிரைப் பிடுங்கறீங்க."

டிரைவர் வீட்டம்மாவின் குறை வேறு. அவள் என் மனைவியிடம் போய், "அக்கா, அண்ணன் முகத்தைப் பார்த்தா ஏதோ உடம்புக்கு முடியாத மாதிரி இருக்கு, பலகை முழுக்கச் சாவா எழுதறார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதற்கு என் மனைவி, "இருபதாம் தேதி சரியாப் போயிடும்" என்றாளாம். அதன் பொருளை நான் ஆராயவில்லை. ஆராய்ந்திருக்க வேண்டும்.

பதினேழாம் தேதி எனக்கு நல்ல நாள். நிலவுக்குப் போன மூவர் பத்திரமாகத் திரும்பி வந்த நாள். தம் வீட்டைப் போல வருமா என்று ஒரு வரி நானே சேர்த்துக்கொண்டேன். அவள் மறுத்துப் பேசவில்லை. அந்தத் தைரியத்தில் பதினெட்டாம் தேதி நிலநடுக்கத்தைச் சொன்னேன். ஒரு பெரிய நகரமே விடிகிற நேரத்தில் சரிந்து விழுந்த நாள். சொல்லிக்கொண்டே வரும்போது, பாதியில், கால் தவறான படியில் வைத்துவிட்டது தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

நிலநடுக்கம் வந்தால் யார் முதலில் வெளியே ஓடுவார்கள் என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும் என்றாள்.

பத்தொன்பதாம் தேதி புத்தகத்தில் பெரிய அழிவு எதுவும் அகப்படவில்லை. மனிதனுக்கும் குரங்குக்கும் மூதாதையர் ஒன்றே என்று சொன்ன விஞ்ஞானியின் மறைவு மட்டும் இருந்தது. இறப்புதானே, சும்மா சொல்லிவைப்போம் என்று சொன்னேன். அவள் ஆர்வமாகக் கேட்டாள். குரங்கு எப்படி மனுஷன் ஆச்சு என்றாள். எனக்குத் தெரிந்தவரை விளக்கினேன். மரத்திலேயே இருந்தது, காலப்போக்கில் இறங்கித் தரையில் நடக்க ஆரம்பித்தது, அப்புறம்தான் படிப்படியாக—

அங்கே நிறுத்தினேன்.

"சொல்லுங்க," என்றாள். "கீழ எறங்கினதும்தான் மனுஷனாச்சு. அப்புறம்?"

அப்புறம் நான் குளிக்கப் போய்விட்டேன்.

இருபதாம் தேதி நர்ஸ் காலி செய்தாள். ஒரு சின்ன லாரி வந்தது, போனது. நான் அன்று முழுக்க வீட்டைவிட்டு நகரவில்லை. வீட்டுக்காரர் வந்தால், அவரிடம் பேச்சு முற்றுமுன் இடையில் விழுவதாக உத்தேசம். அவர் வரவில்லை. மனைவியும் கீழ்வீட்டுப் பேச்சை எடுக்கவில்லை. பொழுது சாய்ந்தது. கெடு முடிந்தது. நான் யாரையும் மறுத்துப் பேசவில்லை, யாரிடமும் முகம் கொடுக்கவில்லை, வெறும் தேதிகளை வைத்தே ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டேன். சாப்பாட்டின்போது அவளுக்கு நானே தண்ணீர் எடுத்து வைத்தேன். ஜெயித்தவன் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் அல்லவா.

மறுநாள் எழுந்தபோது காபி வாசனை இல்லை. சமையலறையில் அவள் இல்லை. பால்கனியில் இல்லை. வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காலோடு அவள் தனியாகப் படி இறங்கினதே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் விழுந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்து இறங்கினேன். பனியனோடு இறங்கினேன். நான் பனியனோடு பால்கனியில்கூட நிற்காதவன்.

படிக்கட்டு அடியில், பல் டாக்டர் வீட்டு நாற்காலி ஒன்றில், அவள் உட்கார்ந்திருந்தாள். வேர்த்திருந்தது. மூக்கு நுனியில் சாக்பீஸ் தூள். சுற்றி டாக்டர், டிரைவர், நர்ஸ் கொடுத்துவிட்டுப் போன சாவியோடு டிரைவர் வீட்டம்மா. எல்லாரும் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் டாக்டர் முகம் மலர்ந்தது.

"ஐயா, இன்னிக்கு ஒண்ணு பொறந்திருக்கு."

பலகையில் அவள் கையெழுத்து. கோடு மேலே ஏறி இறங்கியது, ஆனால் முறை தவறவில்லை. மூன்று வரி.

நிகழ்வு: மூன்றாம் மாடி அம்மா கீழே இறங்கினார். திரும்ப ஏறவில்லை.
பிறப்பு: கீழ்வீட்டில் புதுக் குடித்தனம்.
இறப்பு: மாடிப்படி.

 துடைக்கும் துணி ஆணியில் தொங்கியது. அவளே அதைக் காட்டினாள்.

"தப்பா எழுதியிருந்தா அழிச்சிடுங்க. உங்களுக்குத்தான் பொய் இருக்கக் கூடாதே."

நான் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். இறங்கினார்: இறங்கித்தான் இருக்கிறார். திரும்ப ஏறவில்லை: ஏறவில்லைதான். ஏற முடியுமா என்று அவள் காலைப் பார்த்தேன். முழங்கால் பன்னீர்ச் செம்பு மாதிரி வீங்கியிருந்தது. எப்படி இறங்கினாய் என்று கேட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாளாம். ஒரு குழந்தை இறங்குவது மாதிரி. விடியலில் தொடங்கினாளாம்.

துணி ஆணியிலேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூக்குக்கண்ணாடியை மட்டும் எடுத்து வந்து கொடுங்கள் என்றாள். போய் எடுத்து வந்தேன். அப்படியே முதுகுக்கு ஒரு தலையணை என்றாள். அப்புறம் காபிக்கு அடுப்பு. அடுப்புக்கு நெருப்பெட்டி. நாலு தடவை ஏறி இறங்கியபோதே அவள் ஏன் இறங்கினாள் என்பது என் முழங்காலுக்கும் புரிந்துவிட்டது. டிரைவருக்கு அன்று விடுமுறை. அவர் கட்டிலைப் பிடித்தார், நான் பிடிப்பதுபோல் கூடவே வந்தேன். பாத்திரங்களை எடுக்கப் போனால் எல்லாம் ஏற்கெனவே சாக்கில் கட்டித் தயாராக இருந்தன. இத்தனை நாளும் இரண்டு டம்ளரும் ஒரு பாத்திரமும் மட்டுமே அலமாரியில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. காபி வந்துகொண்டிருந்தது, அது போதுமென்று இருந்துவிட்டேன்.

மதியத்துக்கு மேல் மூன்றாம் மாடி காலியாகிவிட்டது. தடிப் புத்தகம் மட்டும் மிச்சம். அதை அணைத்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். மகள் தலை மாட்டின கம்பி, இன்னும் கொஞ்சம் விலகித்தான் இருந்தது. கூடைக் கயிறு உரசின இடத்தில் கைப்பிடிச் சுவர் வழவழவென்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். 

கீழே இருந்து அவள் கூப்பிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து மேலே நின்று கீழே கூப்பிட்டே பழகின குரல். முதல் தடவையாக அது கீழே இருந்து மேலே வந்தது.

"அங்க என்னங்க பண்றீங்க?"

பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். என்னத்தை என்றாள். சத்தமாகப் பேசினால் தெருவுக்கே கேட்கும். பேசாவிட்டால் அவளுக்குக் கேட்காது. கூச்சத்தை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

"நம்ம தேதியெல்லாம் இங்கேயே நின்னுடும் போலிருக்கும்மா."

தெருவில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.  பிறகு, அவளுக்குத் தெரிந்த அளவில் மெதுவாக, அதாவது அந்தத் தெருமுனைவரை மட்டும் கேட்கும்படி, சொன்னாள்.

"தேதி சுவத்துலயா இருக்கு? உங்க மண்டையில இருக்கு. மண்டையை மறக்காம எடுத்துட்டு வாங்க, போதும்."

எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சாயங்காலம் கீழ்வீட்டு வாசலில் இரண்டு நாற்காலி போட்டுக் காபி குடித்தோம். தெரு, எட்டிக் கால் வைத்தால் கிடைக்கும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கறி வண்டிக்காரர் அவளைப் பார்த்துவிட்டு, "ஊர்ல இருந்து எப்பம்மா வந்தீங்க" என்று விசாரித்தார். அவள் சிரித்த சிரிப்பில், நான் ஜெயித்திருந்தால் எதை ஜெயித்திருப்பேன் என்று எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. இதே நாளில்தான் ரோமாபுரி நகரத்துக்கு அஸ்திவாரம் போட்டதாக வழிவழியாகச் சொல்வார்கள் என்று அவளிடம் சொன்னேன். பரவாயில்லையே, நல்ல நாள்தான் என்றாள்.

ஆனாலும் கணக்கு ஒன்று உதைத்தது. அப்படி எதையும் விட்டுப் பழக்கமில்லை எனக்கு. இருபதாம் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்பது கெடு. அவளோ கட்டடத்தைவிட்டு எங்கும் போகவில்லை. வீட்டுக்காரரும் வரவில்லை. அப்படியானால் நம்முடைய சம்மதத்தை அவரிடம் யார், எப்போது சொன்னார்கள்?

கேட்டேன்.

அவள் தெருவிலிருந்து கண்ணை எடுக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான்தான் போன்ல சொன்னேன். உங்களைக் கேக்கறதுக்கு அரை மணி முன்னாடி. அது ஏப்ரல் பதினொண்ணோட வரலாறுங்க, நீங்க பலகையில போடாம விட்டுட்டீங்க."